நிலத்தடி ஆவி ஊடுருவல் தணிப்பு

நிலத்தடி ஆவி ஊடுருவல் தணிப்பு என்பது, மாசடைந்த மண்ணில் இருந்தும் நிலத்தடி நீரில் இருந்தும் எழும் வேதிப்பொருள்களின் ஆவி, மேலே உள்ள கட்டிடத்துக்குள் புகாமல் தடுப்பதற்கான பொறியியல் ஏற்பாடு ஆகும். தொழிற்சாலைகள், உலர்சலவைக் கடைகள், பெட்ரோல் நிலையங்கள் முதலியன இருந்து மறைந்த மனைகளில் புதிய அலுவலகங்களையும் கடைத்தொகுதிகளையும் கட்டும்போது இவ்வேற்பாடு தேவைப்படுகின்றது. இங்கு ஆவி எனப்படுவது நீராவி அன்று. டிரைக்குளோரோஎத்திலீன், டெட்ராகுளோரோஎத்திலீன், வினைல் குளோரைடு, பென்சீன் போன்ற, அறை வெப்பநிலையிலேயே எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களின் ஆவியே குறிக்கப்படுகின்றது. தரையில் ஈரம் ஏறாமல் இருக்க விரிக்கப்படும் சாதாரண நெகிழித் தாளும் ஆவித்தடுப்பு என்றே அழைக்கப்படுவதால், கட்டுமானக் களங்களில் இவ்விரண்டும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

இவ்வேற்பாட்டின் பெரும்பகுதி காங்கிரீட் தளத்துக்கு அடியில் புதைந்துவிடும். கட்டி முடித்த பின் அதைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க இயலாது. உள்ளே வரும் ஆவியையும் மூக்கால் அறிய முடியாது. டிரைக்குளோரோஎத்திலீனின் மணம் தெரியத் தொடங்கும் அளவு, அலுவலகக் காற்றில் ஏற்கத்தக்கதாகக் கருதப்படும் அளவைப் போலப் பல்லாயிரம் மடங்கு ஆகும். எனவே நிறுவுதலைப் போலவே சோதித்தலும் இத்துறையில் முதன்மை பெறுகின்றது. சோதிக்கப்படாத தணிப்பு அமைப்பை, அமைப்பே இல்லாததாகக் கருதுவது பாதுகாப்பானது.

ஊடுருவல் நிகழும் விதம்

மண் துகள்களுக்கு இடையே காற்று நிறைந்த சிறு வெளிகள் உள்ளன. நிலத்தடி நீரில் கரைந்துள்ள அல்லது மண்ணில் ஒட்டியுள்ள கரைப்பான், ஆவியாகி இவ்வெளிகளை நிரப்புகின்றது. அங்கிருந்து செறிவு மிகுந்த இடத்தில் இருந்து செறிவு குறைந்த இடத்துக்கு அது மெல்ல விரவி மேலேறுகின்றது. திறந்த வெளியாயின் மேற்பரப்பை அடைந்ததும் காற்றில் கலந்து நீர்த்துவிடும். மேலே காங்கிரீட் தளம் இருந்தால், வெளியேற வழியின்றி அதன் அடியில் தேங்கும்.

தளத்தின் அருகே வேறொரு விசையும் சேர்ந்துகொள்கின்றது. கட்டிடத்தின் உள்ளே உள்ள வெதுவெதுப்பான காற்று மேலெழுந்து கூரைப் பகுதியில் கசிந்து வெளியேற, கீழ்ப்பகுதியில் அழுத்தம் சற்றுக் குறைகின்றது. இது புகைபோக்கி விளைவு எனப்படும். சமையலறை, கழிப்பறை ஆகியவற்றின் வெளியேற்று விசிறிகளும் இதே விளைவைத் தருகின்றன. இவ்வழுத்தக் குறைவு சில பாஸ்கல் மட்டுமே. ஒரு பாஸ்கல் என்பது 0.1 மில்லிமீட்டர் உயர நீர் தரும் அழுத்தம். வளிமண்டல அழுத்தமோ 1,01,325 பாஸ்கல். ஆயினும், தளத்தில் உள்ள வெடிப்புகள், குழாய்கள் நுழையும் இடங்கள், கட்டுமான இணைப்புகள், மின்தூக்கிக் குழி, தரை வடிகால் முதலியவற்றின் வழியாக மண்வளியை உறிஞ்சி எடுக்க அச்சிறு வேறுபாடே போதுமானது. குளிர் நாடுகளில் கட்டிடங்கள் சூடாக்கப்படும் பருவத்தில் ஊடுருவல் பெரும்பாலும் மிகுதியாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பெட்ரோலிய ஆவி இதில் ஓரளவு வேறுபட்டது. ஆக்சிசன் உள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் பென்சீன் போன்றவற்றைச் சில மீட்டர் தொலைவுக்குள்ளேயே சிதைத்துவிடுகின்றன. குளோரின் ஏறிய கரைப்பான்கள் அவ்வாறு எளிதில் சிதைவதில்லை. இதனால் ஐக்கிய அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 2015இல் வழிகாட்டிகளை வெளியிட்டபோது நிலத்தடித் தொட்டிகளில் இருந்து கசியும் பெட்ரோலியத்துக்கு எனத் தனி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது.

வரலாறு

இத்தொழில்நுட்பம் வேதிக் கழிவில் இருந்து பிறந்தது அன்று. இயற்கைக் கதிரியக்க வளிமமான ரேடானில் இருந்து பிறந்தது. 1984இல் பென்சில்வேனியாவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த லிமெரிக் அணுமின் நிலையத்தில் பணியாற்றிய இசுட்டான்லி வாட்ரசு என்னும் பொறியாளர், கதிர்வீச்சு எச்சரிக்கைக் கருவியை மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தார். அணு உலை அப்போது இயங்கத் தொடங்கியிருக்கவில்லை. அவர் வீட்டைச் சோதித்தபோது, லிட்டருக்கு ஏறத்தாழ 2,700 பிக்கோகியூரி ரேடான் இருந்தது தெரியவந்தது. பின்னர் நடவடிக்கைக்கு உரியதாக வரையறுக்கப்பட்ட 4 பிக்கோகியூரியுடன் ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 675 மடங்கு. தளத்தின் அடியில் குழாய் செருகி, விசிறியால் மண்வளியை உறிஞ்சிக் கூரைக்கு மேல் வெளியேற்றும் முறை, இதைத் தொடர்ந்த ஆண்டுகளில் வீடுகளுக்கு எனப் பரவலாகச் செம்மைப்படுத்தப்பட்டது.

கரைப்பான் ஆவியும் இதே வழியில் வீட்டுக்குள் வரக்கூடும் என்பதற்கு 1991இல் பால் ஜான்சன், ராபர்ட் எட்டிங்கர் ஆகியோர் ஒரு கணித மாதிரியை வெளியிட்டனர். ஆயினும் 1990களின் இறுதி வரை, கழிவுத் தளங்களைத் தூய்மையாக்குவோர் குடிநீரையே பெரிதாகக் கருதினர். மாசடைந்த நீரைக் குடிக்காவிட்டால் இடர் இல்லை என்பதே பொது எண்ணம். கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில், முன்னாள் துப்பாக்கித் தொலைநோக்கித் தொழிற்சாலை ஒன்றை அடுத்த குடியிருப்புகளில் 1,1-டைகுளோரோஎத்திலீன் ஆவி கண்டறியப்பட்டமை இவ்வெண்ணத்தை மாற்றிய நிகழ்வுகளுள் ஒன்று.

நியூ யார்க் மாநிலத்தின் எண்டிகாட் மற்றொன்று. ஐபிஎம் நிறுவனத்தின் பிறப்பிடமாகக் கருதப்படும் இச்சிற்றூரில், 1979இல் 4,100 கேலன் கரைப்பான் கசிந்தது. அதைத் தொடர்ந்து நிலத்தடி நீர்த் தூய்மையாக்கம் நடைபெற்றது. ஆனால் வீடுகளின் உள்ளே உள்ள காற்று பரவலாகச் சோதிக்கப்பட்டது இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே. நானூறுக்கும் மேற்பட்ட கட்டிடங்களில் உறிஞ்சு அமைப்புகள் பொருத்தப்பட வேண்டியதாயிற்று. கணினித் தொழிலுக்குப் புகை இல்லை என்ற நம்பிக்கை நம்மிடையே இன்றும் உள்ளது. அதன் வன்பொருளை உருவாக்கிய ஊர்களின் நிலத்தடி நீர் வேறு கதை சொல்கின்றது.

மவுண்டன் வியூ

வணிக மனை ஒன்றின் மறுசீரமைப்பில் இச்சிக்கல் எவ்வாறு தோன்றுகின்றது என்பதற்குக் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் உள்ள மிடில்ஃபீல்டு-எல்லிஸ்-விஸ்மன் பகுதி நன்கு ஆவணப்படுத்தப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும். மூன்று சாலைகளின் பெயரால் அழைக்கப்படும் இப்பகுதியில் 1960களிலும் 1970களிலும் ஃபேர்ச்சைல்டு, இன்டெல், ரேதியான் முதலிய நிறுவனங்கள் குறைகடத்திச் சில்லுகளைத் தயாரித்தன. சில்லுகளையும் கருவிகளையும் கழுவப் பயன்பட்ட டிரைக்குளோரோஎத்திலீன் (இனி டிசிஇ), நிலத்தடித் தொட்டிகளில் இருந்தும் குழாய்களில் இருந்தும் மண்ணுக்குள் கசிந்தது. 1980களின் தொடக்கத்தில் மாசு கண்டறியப்பட்டது. 1989இல் தூய்மையாக்கத் திட்டம் முடிவாயிற்று; கசிவு மையங்களைச் சுற்றி நிலத்தடிச் சுவர்களும் அமைக்கப்பட்டன. நீர் இறைத்துத் தூய்மையாக்கப்பட்டது. இத்தகைய தேசியத் தூய்மையாக்கப் பட்டியல் தளங்கள் அந்நாட்டிலேயே மிகுதியாக உள்ள மாவட்டம், சிலிக்கான் பள்ளத்தாக்கு அமைந்துள்ள சாண்டா கிளாரா மாவட்டமே ஆகும்.

தொழிற்சாலைகள் அகன்றதும் அதே நிலத்தில் மென்பொருள் நிறுவனங்களின் அலுவலகங்கள் எழுந்தன. நீர் இறைக்கும் பணி தொடர்ந்துகொண்டிருந்தது. ஆனால் 1989ஆம் ஆண்டுத் திட்டம் கட்டிடக் காற்றைப் பற்றி ஏற்பாடு எதையும் செய்திருக்கவில்லை. 2010இல் அத்திட்டம் திருத்தப்பட்டு, உள்ளகக் காற்றில் டிசிஇ அளவு வீடுகளில் கனமீட்டருக்கு 1 மைக்ரோகிராம், வணிகக் கட்டிடங்களில் 5 மைக்ரோகிராம் என வரையறுக்கப்பட்டது. புதிய கட்டிடங்களுக்குத் தளத்தின் அடியில் ஆவித்தடுப்பு விரிப்பும் காற்றோட்டக் குழாய்களும் தீர்வாகக் கூறப்பட்டன. ஏற்கனவே உள்ள வணிகக் கட்டிடங்களில், குளிரூட்டல்-காற்றோட்ட அமைப்பைத் தக்கவாறு இயக்கி ஆவியை நீர்க்கச் செய்வதும் ஒரு வழியாக ஏற்கப்பட்டது.

இந்த இரண்டாம் வழியின் வலுவின்மை விரைவிலேயே வெளிப்பட்டது. 2012 நவம்பர் நடுப்பகுதியில் இருந்து 2013 சனவரி நடுப்பகுதி வரை, இங்கு கூகிள் நிறுவனம் பயன்படுத்திய இரு கட்டிடங்களில் டிசிஇ அளவு வரம்பைக் கடந்திருந்தது. காற்றோட்ட அமைப்பின் முக்கியப் பகுதி ஒன்றைப் பணியாளர்கள் நிறுத்தி வைத்திருந்ததே காரணம் எனச் செய்திகள் தெரிவித்தன. தளத்தில் புதிய வெடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. காற்றைத் தள்ளும் கருவி நின்றதே போதுமானதாக இருந்தது.

இரண்டு மாதம் என்பது சிறிய காலமாகத் தோன்றலாம். புற்றுநோய் இடர் மட்டுமே கணக்கிடப்பட்ட காலத்தில் பல ஆண்டுகளின் சராசரியே பார்க்கப்பட்டது. சில வார ஏற்றத்தாழ்வு பொருட்படுத்தப்படவில்லை. 2011இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட டிசிஇ நச்சியல் மதிப்பீடு, கருவில் இதயக் குறைபாடு உண்டாகும் வாய்ப்பையும் கணக்கில் எடுத்தது. கருவின் இதயம் கருத்தரிப்பின் முதல் சில வாரங்களிலேயே உருவாகின்றது. அப்போது தாய்க்கே கருவுற்றிருப்பது தெரியாமல் இருக்கலாம். எனவே முகமையின் கலிபோர்னியா உள்ளிட்ட வட்டார அலுவலகம் 2014இல், எட்டு மணிநேர வேலைநாள் கொண்ட வணிகக் கட்டிடத்தில் 8 மைக்ரோகிராம் கண்டால் விரைந்த நடவடிக்கையும், 24 மைக்ரோகிராம் கண்டால் உடனடி நடவடிக்கையும் வேண்டும் என அறிவுறுத்தியது. இதன் பின்னர், ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தால் போதும் என்ற நிலையைக் காப்பது கடினமாயிற்று. 2024 டிசம்பரில் டிசிஇ பயன்பாட்டைத் தடை செய்யும் விதியை முகமை வெளியிட்டது. ஏற்கனவே மண்ணுக்குள் சென்றுவிட்டதை அவ்விதி தொடாது.

அமைப்பின் வகைகள்

விசிறி இன்றி, காற்றும் வெப்பமும் தரும் இயல்பான இழுவையால் மண்வளியை வெளியேற்றும் அமைப்பு முனைப்பற்ற அமைப்பு எனப்படும். விசிறி பொருத்தி, தளத்தின் அடியில் எப்போதும் உள்ளறையை விடக் குறைந்த அழுத்தத்தைப் பேணுவது முனைப்பான அமைப்பு. முதலாவது மலிவானது, ஆனால் காற்று வீசாத நாளில் அது என்ன செய்கின்றது என்பதை எவரும் உறுதியாகக் கூற இயலாது. சிறு கட்டிடங்களுக்கான விசிறி, ஒரு கூரை மின்விசிறி எடுக்கும் அளவு மின்சாரத்தையே எடுத்துக்கொள்கின்றது. எனவே முனைப்பற்றதாகத் தொடங்கி, சோதனை முடிவு வேண்டினால் விசிறி பொருத்தும் வகையில் குழாய்களையும் மின் இணைப்பையும் முன்கூட்டியே அமைத்து வைப்பது நல்ல வடிவமைப்பாகும்.

விரிப்பு மட்டும் இருந்து காற்றோட்டக் குழாய் இல்லாத அமைப்பு பரிந்துரைக்கத் தக்கதன்று. வெளியேற வழியில்லாத ஆவி அடியில் செறிவடைந்து, கிடைத்த சிறு துளையின் வழியாகவும் உள்ளே வரும்.

புதிய கட்டிடத்தில் நிறுவுதல்

மண்ணைச் சமன்செய்து இறுக்கிய பின், 10 முதல் 15 சென்டிமீட்டர் தடிப்புக்குத் தூசியற்ற ஜல்லி பரப்பப்படுகின்றது. காற்று தடையின்றி நகர வேண்டும் என்பதால், மணலும் தூளும் கலந்த ஜல்லி இதற்கு ஆகாது. ஜல்லிக்குள் 75 அல்லது 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையிட்ட பிவிசி குழாய்கள், அல்லது அவற்றுக்கு மாற்றாகத் தட்டையான காற்றோட்டப் பட்டைகள் பதிக்கப்படுகின்றன. அடித்தள உத்திரங்கள் தளத்தின் கீழ்ப்பகுதியைத் தனித்தனி அறைகளாகப் பிரிப்பதால், ஒவ்வோர் அறைக்கும் குழாய் எட்டுகின்றதா என்பதைப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் இது எளிதில் தவறிவிடும். குழாய்கள் ஒன்றிணைந்து, சுவருக்குள் செல்லும் செங்குத்துக் குழாய் வழியாகக் கூரைக்கு மேல் முடிகின்றன. அம்முனை சன்னல்களில் இருந்தும் காற்று உள்ளிழுக்கும் வாய்களில் இருந்தும் குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது பொது விதி. இல்லாவிடில் வெளியேற்றிய ஆவியைக் குளிரூட்டிக் கருவியே மீண்டும் உள்ளே கொண்டுவரும்.

ஜல்லியின் மேல் பாதுகாப்புத் துணி, அதன் மேல் விரிப்பு. விரிப்புகள் பல வகையின. தடித்த பாலிஎத்திலீன் தாள்களை வெப்பத்தால் ஒட்டிச் சேர்ப்பது ஒரு முறை. நீரில் கலந்த நிலக்கீல்-இரப்பர்க் குழம்பையும் கால்சியம் குளோரைடுக் கரைசலையும் ஒரே நேரத்தில் தெளித்து, ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள இணைப்பற்ற படலமாக இறுகச் செய்வது மற்றொன்று. குழாய்கள் நெருக்கமாக நுழையும் இடங்களில் தெளிப்பு முறை வசதியானது. எனினும் காற்றுப் புகாமை வேறு, வேதி ஆவி புகாமை வேறு. ஓட்டை ஒன்றும் இல்லாத பாலிஎத்திலீன் தாளின் ஊடாகவும் டிசிஇ மூலக்கூறுகள் கரைந்து மெல்லக் கடந்து செல்லும். எத்திலீன் வினைல் ஆல்ககால் படலமோ அலுமினியப் படலமோ இடையே வைத்த கூட்டு விரிப்புகள் இதைப் பெரிதும் குறைக்கின்றன. சாதாரண ஈரத்தடுப்புத் தாளின் தடிப்பு 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரையே இருக்கும்; கம்பி கட்டும் தொழிலாளர் நான்கு முறை நடந்தாலே அது கிழிந்துவிடும்.

உண்மையில் விரிப்பின் எதிரி வேதிப்பொருள் அன்று, அதன் மேல் நடைபெறும் அடுத்த வேலையே. விரித்தவர்கள் சென்றதும் கம்பி கட்டுவோர், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர் எனப் பலரும் அதன் மேல் ஏறுகின்றனர். கீழே விழும் கம்பித் துண்டு, அச்சுப்பலகையை நிறுத்த அடிக்கப்படும் முளை, பிந்தி நினைவுக்கு வந்து செருகப்படும் ஒரு குழாய், இவற்றுள் ஒன்றே போதும். எனவே காங்கிரீட் ஊற்றும் நேரம் வரை கண்காணிப்பாளர் ஒருவர் களத்தில் இருப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது வழக்கம்.

நீர், மின்சாரம், தொலைத்தொடர்பு ஆகியவற்றுக்காக வெட்டப்படும் பள்ளங்களும் கவனத்துக்கு உரியன. அவை தளர்ந்த மணலால் நிரப்பப்படுவதால் ஆவிக்கு நெடுஞ்சாலைகளாக அமைகின்றன. கட்டிட எல்லையில் களிமண் அல்லது பென்டோனைட்டு அடைப்பு இட்டு இவ்வழி மறிக்கப்படுகின்றது. மின்கம்பிக் குழாய்களின் உட்புறத்தையும் அடைக்க வேண்டும். வெளிப்புறத்தை அடைத்துவிட்டு உட்புறத்தை மறப்பது பரவலான குறை.

விரிப்பைச் சோதித்தல்

தெளிப்பு விரிப்பில் முதலில் தடிப்பு அளக்கப்படுகின்றது. ஏறத்தாழ 45 சதுர மீட்டருக்கு ஒன்று என்ற அளவில் சிறு துண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டு அளவியால் அளக்கப்படும். வெட்டிய இடம் மீண்டும் மூடப்படும். தாள் விரிப்பாயின் ஒட்டுகள் வெற்றிடப் பெட்டி கொண்டு சோதிக்கப்படுகின்றன.

அடுத்தது புகைச் சோதனை. நாடக மேடைகளில் பயன்படும் வகையைச் சேர்ந்த நச்சற்ற புகை, சிறு ஊதுவிசிறியின் துணையுடன் விரிப்பின் அடியில் செலுத்தப்படுகின்றது. முதலில் குழாய் முனைகளைத் திறந்து வைத்து, அவற்றின் வழியே புகை வருவதைக் காண வேண்டும். புகை எல்லா இடத்துக்கும் சென்றது என்பதற்கு அதுவே சான்று. அதன்பின் முனைகளை அடைத்து அழுத்தத்தைச் சற்று உயர்த்தினால், துளை உள்ள இடமெல்லாம் சாம்பிராணிப் புகை போல் மெல்லிய இழைகள் எழும். அவ்விடங்கள் குறிக்கப்பட்டு, சீர்செய்யப்பட்டு, அதே பகுதி மீண்டும் சோதிக்கப்படும். காற்று பலமாக வீசும் நாளில் இழை கண்ணுக்குத் தெரியாது; அன்று செய்த சோதனையின் தேர்ச்சிக்குப் பொருள் இல்லை. அழுத்தம் மிகுந்தால் விரிப்பே எழும்பி ஒட்டு பிரியும். தீயணைப்பு நிலையத்துக்கு முன்னரே தெரிவித்துவிடுவதும் நடைமுறையில் உள்ளது.

ஒரு துளையும் காணப்படவில்லை என்னும் அறிக்கையை ஐயத்துடனேயே படிக்க வேண்டும். பெரிய தளம் ஒன்றில் முதற் சோதனையில் சில கசிவுகளாவது தென்படுவதே இயல்பு. கம்பி கட்டி முடித்த பின் இரண்டாம் முறை சோதிப்பது செலவு கூடியது. ஆனால் சேதத்தின் பெரும்பகுதி அக்கட்டத்தில் நிகழ்வதால், ஒரு முறை மட்டுமே சோதிக்க முடியுமாயின் இதுவே தேர்ந்தெடுக்கத் தக்கது.

பழைய கட்டிடத்தில் நிறுவுதல்

இடிக்காமல் புதுப்பிக்கப்படும் கட்டிடத்தில் விரிப்பு இட இயலாது. தளத்தில் துளையிட்டு உறிஞ்சுவதே வழி. அடியில் என்ன இருக்கின்றது என்பது தெரியாததால் முன்னோட்டச் சோதனை செய்யப்படுகின்றது. தளத்தில் ஓரிடத்தில் பெரிய துளையிட்டு, ஒரு வாளி அளவு மண்ணை அகற்றிக் குழி செய்து, ஊதுவிசிறியால் உறிஞ்ச வேண்டும். பின்னர் வெவ்வேறு தொலைவுகளில் விரல் பருமனுள்ள துளைகளை இட்டு, அங்கெல்லாம் அழுத்தம் எவ்வளவு குறைகின்றது என நுண்ணழுத்தமானியால் அளக்க வேண்டும். ஜல்லி இருந்தால் ஒரே உறிஞ்சு குழி பல நூறு சதுர மீட்டருக்குப் போதும். ஈரக் களிமண்ணாயின் சில மீட்டருக்கு அப்பால் எதுவும் உணரப்படாது. இழுவிசைக் கம்பிகள் பதித்த தளங்களில் கண்மூடித்தனமாகத் துளையிடுவது ஆபத்தானது. முதலில் நிலமூடுருவு ரேடார் கொண்டு கம்பிகளின் இடம் அறியப்படுகின்றது.

அழுத்தச் சோதனை

முனைப்பான அமைப்பு இயங்குகின்றது என்பதற்கான நேரடிச் சான்று, தளத்தின் மேலும் கீழும் உள்ள அழுத்த வேறுபாடு ஆகும். காற்று எப்போதும் அழுத்தம் மிகுந்த பக்கத்தில் இருந்து குறைந்த பக்கத்துக்கே செல்லும். கீழே குறைவாக இருந்தால், வெடிப்பு இருப்பினும் அறைக்காற்று கீழே இறங்குமே அன்றி மண்வளி மேலே வராது. தளத்தின் எல்லா மூலைகளிலும் 1 முதல் 5 பாஸ்கல் வரையிலான ஏதேனும் ஒரு குறைந்தபட்ச வேறுபாடு வேண்டும் என அந்தந்த மாநிலங்களின் வழிகாட்டிகள் வரையறுக்கின்றன. விசிறியின் அருகே 100 பாஸ்கல் காட்டுவது எளிது. தொலைவில் உள்ள மூலையில் உள்ள அளவே அமைப்பின் உண்மையான மதிப்பெண்.

அளவீடு விசிறி நின்ற நிலையிலும் இயங்கும் நிலையிலும் எடுக்கப்பட வேண்டும். கட்டிடத்தின் வெளியேற்று விசிறிகள் அனைத்தும் ஓடும் நேரத்திலும், குளிர்காலத்திலும் அது தாக்குப்பிடிக்கின்றதா என்பதும் பார்க்கப்பட வேண்டும். இச்சோதனை நிமிடங்களில் முடிவதும், பொருட்செலவு குறைந்ததும், திரும்பத் திரும்பச் செய்யத் தக்கதும் ஆகும். வேதிச் சோதனைக்கு இந்த மூன்று பண்புகளும் இல்லை.

காற்று மாதிரிகள்

ஆயினும் மக்கள் சுவாசிப்பது அழுத்தத்தை அன்று. எனவே இறுதியில் காற்றும் சோதிக்கப்படுகின்றது. வெற்றிடமாக்கப்பட்ட, பொதுவாக 6 லிட்டர் கொள்ளளவுள்ள எஃகுக் கலம், சுவாசிக்கும் உயரத்தில் வைக்கப்பட்டு, ஓட்டக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக வீடுகளில் 24 மணிநேரமும் வணிகக் கட்டிடங்களில் பெரும்பாலும் 8 மணிநேரமும் காற்றை உள்ளிழுத்துக்கொள்கின்றது. ஆய்வகத்தில் அது டிஓ-15 என்னும் முறைப்படி பகுக்கப்படுகின்றது. ஒன்று அல்லது இரண்டு வாரம் தொங்கவிடப்படும் உறிஞ்சு மாதிரிக் கருவிகளும் உண்டு. தளத்தின் அடியில் இருந்து எடுக்கப்படும் மாதிரியில் அறைக்காற்று கலந்துவிடக்கூடும். துளையின் மேல் ஒரு மூடியைக் கவிழ்த்து அதனுள் ஹீலியத்தைச் செலுத்தி, மாதிரியில் ஹீலியம் வருகின்றதா என்று பார்ப்பதன் மூலம் இது கண்டுபிடிக்கப்படுகின்றது.

தொடக்க மதிப்பீட்டுக்கு, தளத்தின் அடியில் உள்ள செறிவில் 0.03 பங்கு உள்ளே வரக்கூடும் என 2015ஆம் ஆண்டு வழிகாட்டி கொள்கின்றது. அதன்படி அடியில் கனமீட்டருக்கு 167 மைக்ரோகிராம் டிசிஇ இருந்தால், உள்ளே 5 மைக்ரோகிராம் எதிர்பார்க்கலாம். இது வீடுகளின் தரவுகளில் இருந்து பெறப்பட்ட, பாதுகாப்பின் பக்கம் சாய்ந்த எண் ஆகும். கூரை உயர்ந்த வணிகக் கட்டிடங்களில் உண்மை அளவு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

மாதிரியில் டிசிஇ தென்பட்டாலும் அது மண்ணில் இருந்துதான் வந்தது என்று உடனே முடிவு செய்ய இயலாது. ஒட்டுப்பசை, கறைநீக்கி, உலர்சலவை செய்த ஆடை ஆகியவையும் கரைப்பான்களை வெளிவிடுகின்றன. புதுக் கட்டிடத்தில் வண்ணப்பூச்சும் தரைவிரிப்பும் வெளியிடும் சேர்மங்கள் முடிவுகளை நிறைத்துவிடும். இதனால் மாதிரி எடுக்கும் முன் கட்டிடத்தில் உள்ள பொருள்கள் பட்டியலிடப்படுகின்றன. வெளிக்காற்று மாதிரியும் உடன் எடுக்கப்படுகின்றது. டிசிஇ மண்ணில் சிதையும்போது உண்டாகும் சிஸ்-1,2-டைகுளோரோஎத்திலீன் நுகர்பொருள்களில் காணப்படுவதில்லை. அது உள்ளே இருந்தால் மூலம் மண்ணே எனத் துணியலாம்.

குளிரூட்டல்-காற்றோட்ட அமைப்பு ஓடும்போது மட்டும் சோதிப்பது, தணிப்பு அமைப்பையும் காற்றோட்டத்தையும் சேர்த்துச் சோதிப்பதாகும். எது காக்கின்றது என்பது தெரியாது. மவுண்டன் வியூ நிகழ்வு கற்பித்ததும் இதுவே. காற்றோட்டத்தை நிறுத்தி, குறைந்தது 36 மணிநேரம் கழித்து மாதிரி எடுக்க வேண்டும் என அவ்வட்டாரத்தில் 2013இல் அறிவுறுத்தப்பட்டது. வார இறுதியில் கட்டிடத்தை மூடி இதைச் செய்வது வழக்கம். கட்டிடம் ஒப்படைக்கப்படும் முன் ஒரு முறையும், அதன்பின் முதற் குளிர்காலத்தில் ஒரு முறையும் என்பது குறைந்தபட்சத் திட்டம்.

ஒரே மாதிரியை நம்பக் கூடாது என்பதற்கு, யூட்டா மாநிலத்தின் லேட்டன் நகரில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் மாசு நீரின் மேல் அமைந்த வீடு ஒன்றை வாங்கிப் பல ஆண்டுகள் தொடர்ச்சியாக அளந்த ஆய்வு சான்றாகும். அவ்வீட்டுக்குள் டிசிஇ செறிவு காலத்துக்குக் காலம் பல பத்து மடங்கு ஏறி இறங்கியது. நீண்ட காலம் ஏறத்தாழ ஒன்றுமே இல்லாதது போல் இருந்து, பின் திடீரென உயர்ந்தது. மேலும், ஆவியின் பெரும்பங்கு தளத்தின் அடியில் உள்ள மண்ணில் இருந்து நேரே மேலெழாமல், அருகில் புதைக்கப்பட்டிருந்த வடிகால் குழாய் வழியாக வந்தது தெரியவந்தது. எவ்வளவு திருத்தமாக விரிப்பு இட்டாலும், கழிவுநீர்க் குழாய் வழியே வருவதை அது தடுக்காது. ஆகவே சாக்கடை ஆள்நுழைவுகளிலும் வடிகால் வாய்களிலும் மாதிரி எடுப்பது இப்போது விசாரணையின் பகுதியாகி வருகின்றது.

இயக்கமும் நிறுத்தமும்

செங்குத்துக் குழாயில் பொருத்தப்படும் வண்ண நீர் கொண்ட யு வடிவ அழுத்தமானி, விசிறி இழுக்கின்றதா என்பதை ஒரு பார்வையில் காட்டும். பெரிய கட்டிடங்களில் அழுத்த உணரிகள் வலையமைப்பில் இணைக்கப்பட்டு, அளவு குறைந்தால் பொறுப்பாளருக்குச் செய்தி அனுப்புகின்றன. எச்சரிக்கை வரும் முகவரி, வேலையை விட்டுச் சென்றுவிட்டவருடையதாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாய்களில் அது என்ன குழாய் என்பதை எழுதி ஒட்ட வேண்டும். இல்லாவிடில் பத்தாண்டு கழித்து வரும் குழாய்ப் பணியாளர் அதைக் கழிப்பறைக் காற்றுக்குழாய் எனக் கருதி வெட்டிவிடுவார்.

வாடகைக்கு வருவோர் அடுக்குகளை நிறுத்தத் தளத்தில் ஆணித்துளை இடுவதும், சுவர்களை மாற்றுவதும், புதிய வடிகால் வெட்டுவதும் இயல்பு. இவற்றுக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்ற கட்டுப்பாடு நிலப்பத்திரத்திலேயே பதிவு செய்யப்படுகின்றது. வேலைக்குப் பின் அழுத்தச் சோதனை மீண்டும் செய்யப்பட வேண்டும்.

மண்ணும் நீரும் தூய்மையாகும் வரை அமைப்பு இயங்க வேண்டும். இது பல பத்தாண்டுகள் ஆகலாம். நிறுத்தத் தகுந்த நிலை வந்துவிட்டதா என்பதை அறிய விசிறிகளை நிறுத்தி, தளத்தின் அடியில் ஆவி மீண்டும் சேர்வதற்குச் சில வாரங்களோ மாதங்களோ விட்டு, அடியிலும் உள்ளேயும் மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. வெவ்வேறு பருவங்களில் இச்சோதனையில் தேறினால் மட்டுமே விசிறிகள் அகற்றப்படுகின்றன. விரிப்பும் குழாய்களும் இருந்த இடத்திலேயே விடப்படுகின்றன.